கடைசி நாசிலில் எத்தனை கிலோ? ஸ்பிரிங்ளருக்கு நீரழுத்தம் பார்க்கும் முறை

போன மாசி மாதம் போளூர் பக்கம் ஒரு மணிலா (நிலக்கடலை) கொல்லைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஸ்பிரிங்ளர் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வரப்பில் நின்று பார்த்தபோது செடி ஒரே மாதிரி இல்லை. ஸ்பிரிங்ளர் தலையைத் தாங்கி நிற்கும் நெட்டுக் குழாயான ரைசர் ஒவ்வொன்றைச் சுற்றியும் பச்சையாக ஒரு வளையம், வளையத்துக்கு உள்ளேயும் வெளியேயும் வெளுத்த செடி. "மோட்டார் புதுசு அண்ணே, அஞ்சு ஹெச்.பி. வால்வை மூடினா கேஜ் அஞ்சு கிலோ காட்டுது. பிரஷர் இருக்குதே, அப்புறம் ஏன் இப்படி ஆவுது?" என்று கேட்டார் கொல்லைக்காரர்.

மோட்டாரை ஓடவிட்டுக் கடைசி ரைசர் வரை நடந்தோம். ஒரே வரிசையில் 18 தலைகள். கடைசித் தலையின் கை 'டக் டக்' என்று அடிக்காமல் தயங்கித் தயங்கி நகர்ந்தது. தண்ணீர் துளியாக உடையாமல் கயிறு மாதிரி போய், பத்தடிக்கு அப்பால் மொத்தமாக விழுந்தது. நாசில் வாயில் கேஜ் பிடித்தால் 1.1 கிலோ. முதல் தலையில் 1.5. அங்கே வேண்டியது 2.5.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: பம்புக்கு அருகில், வால்வு மூடியிருக்கும்போது கேஜ் காட்டும் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஓட வேண்டிய தலைகள் எல்லாம் ஓடும்போது, கடைசித் தலையின் வாயில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கணக்கு. கொல்லையிலும் அப்படித்தான், கட்டடத்தில் தீயணைக்கும் ஸ்பிரிங்ளரிலும் அப்படித்தான். நான் இரண்டு வேலையும் செய்கிறவன் என்பதால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் அளவுகள்

கொல்லையில் 'கிலோ' என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். பம்பு விற்பவர் அதையே 'ஹெட்' என்று மீட்டரில் சொல்வார். தீயணைப்பு வேலைக்காரர் 'பார்' என்பார், சிலர் பி.எஸ்.ஐ. என்பார்கள். எல்லாம் ஒன்றுதான். 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு பார் 1.02 கிலோ, அதனால் நம் வேலைக்கு பாரும் கிலோவும் ஒன்றென்றே வைத்துக்கொள்ளலாம். ஒரு பார் 14.5 பி.எஸ்.ஐ.

இதிலிருந்தே ஒரு விஷயம் புரிந்துவிடும். மொட்டை மாடித் தொட்டி உங்கள் தலைக்கு மேல் 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது 0.4 கிலோ மட்டுமே. தொட்டி ஆயிரம் லிட்டரா பத்தாயிரம் லிட்டரா என்பதால் அழுத்தம் மாறாது. உயரம் மட்டும்தான் பேசும்.

இன்னொன்றையும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். நாசிலில் வரும் தண்ணீரின் அளவு, அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அழுத்தம் பாதியானால் தண்ணீர் பாதியாகாது, 71 சதவீதம் வரும். அதே நாசிலில் இரண்டு மடங்கு தண்ணீர் வேண்டும் என்றால் அழுத்தம் நான்கு மடங்கு ஏற வேண்டும். அதனால்தான், தண்ணீர் போதவில்லை என்றால் பிரஷரை ஏற்றுவதை விட நாசிலை மாற்றுவது பல நேரம் மலிவாக முடிகிறது.

கொல்லைக்கு 2.5, கூரைக்கு 0.5: ஏன்?

புதியவர்கள் பெரும்பாலும் தீயணைக்கும் ஸ்பிரிங்ளருக்குத்தான் தலையில் அதிக அழுத்தம் வேண்டும் என்று நினைக்கிறார்கள். நிலைமை நேர் எதிர். கொல்லையில் சுழலும் ஸ்பிரிங்ளருக்கு நாசில் வாயில் 2 முதல் 3 கிலோ வேண்டும். கூரையில் தொங்கும் சாதாரண தீயணைப்புத் தலைக்கு 0.5 பார் இருந்தால் குறைந்தபட்சத்தை எட்டிவிடுகிறது.

காரணம் இரண்டும் செய்யும் வேலை வேறு. கொல்லை ஸ்பிரிங்ளர் 12, 13 மீட்டர் தூரத்துக்குத் தண்ணீரை வீச வேண்டும், போகிற வழியில் அது துளியாக உடையவும் வேண்டும். வீசுவதற்கும் உடைப்பதற்கும் அழுத்தம்தான் சக்தி. 4.5 மில்லிமீட்டர் நாசிலில் 2.5 கிலோ கொடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 20 லிட்டர் வரும். தீயணைப்புத் தலையோ பொருளுக்கு நேர் மேலே இருக்கிறது. அதன் துளை சுமார் அரை அங்குலம். தண்ணீர் கீழே உள்ள தட்டில் மோதிச் சிதறி இறங்கினால் போதும். தூரம் வீச வேண்டியதில்லை, ஆனால் தண்ணீர் நிறைய வேண்டும்.

இந்தத் துளையின் கொள்ளளவைத்தான் 'கே மதிப்பு' என்கிறார்கள். ஒரு பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருமோ அதுதான் கே. வழக்கமான தீயணைப்புத் தலை கே 80. நம் கொல்லை நாசிலுக்கு அதே கணக்குப் போட்டால் கே 13 அளவுதான் வருகிறது. ஆறு மடங்கு வித்தியாசம். அழுத்தம் வேறு, அளவு வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் முக்கால்வாசிப் பேர் தப்பான பம்பு வாங்குகிறார்கள்.

கொல்லைக்குக் கணக்குப் போடுவது

தலையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிக் கிணற்றுக்கு வாருங்கள். பம்பிலிருந்து தொடங்கினால் கணக்கு நிற்காது.

முதலில் நாசிலும் இடைவெளியும். மணிலா, உளுந்து, காய்கறிக்கு நம் பக்கம் அதிகம் போடுவது 12 மீட்டருக்கு 12 மீட்டர், அதாவது 20 அடிக் குழாய் இரண்டுக்கு ஒரு ரைசர். ஒரு தலை நனைக்கும் வட்டத்தின் விட்டத்தில் பாதியை இடைவெளியாக வைத்தால் ஒன்றின் வீச்சு அடுத்த தலை வரை எட்டும். காற்று அதிகம் அடிக்கும் இடமானால் இன்னும் நெருக்க வேண்டும். 12-க்கு 12 என்றால் ஒரு தலைக்கு 144 சதுர மீட்டர். நிமிடத்துக்கு 20 லிட்டர் என்றால் மணிக்கு 1,200 லிட்டர், அதாவது மணிக்கு 8 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான மழை. செம்மண் சரளை இதைச் சுலபமாகக் குடித்துவிடும். களிமண்ணில் தேங்கும், அங்கே சிறிய நாசில் போடுங்கள். 30 மில்லிமீட்டர் பாய்ச்ச மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும் என்பதையும் இதிலேயே தெரிந்துகொள்ளலாம்.

அடுத்து, ஒரு வேளைக்கு எத்தனை தலைகள். பத்துத் தலை ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 200 லிட்டர் வேண்டும், ஒரு போடுக்கு, அதாவது குழாயை ஒருமுறை போட்டு ஓட்டினால், 36 சென்ட் நனையும். இனி அந்த 200 லிட்டர் கிணற்றிலிருந்து கடைசி நாசில் வரை போவதற்கு வழியில் எங்கெங்கே அழுத்தத்தை இழக்கிறது என்று கூட்டுங்கள்.

நாசிலில் நமக்கு வேண்டிய 2.5 கிலோ 25 மீட்டர். ரைசர் உயரம் ஒரு மீட்டர். கொல்லை மோட்டார் இருக்கும் இடத்தை விட 2 மீட்டர் மேடு. லேட்டரல், அதாவது தலைகள் வரிசையாக நிற்கும் கிளைக் குழாய், 63 மில்லிமீட்டர் ஹெச்.டி.பி.ஈ. (பிளாஸ்டிக்) குழாய், 120 மீட்டர். தண்ணீர் ஒவ்வொரு தலையிலும் பிரிந்து குறைந்துகொண்டே போவதால் உரசல் இழப்பு முழுக் குழாயின் கணக்கில் சுமார் 40 சதவீதம்தான், அதாவது 1.5 மீட்டர். மெயின் லைனும் 63-தான், 120 மீட்டர் என்றால் இழப்பு 3.7 மீட்டர். பெண்டு, டீ, வால்வு, ஃபில்டர் எல்லாவற்றுக்கும் சேர்த்து 2 மீட்டர். இதுவரை 35 மீட்டர். மோட்டார் ஓடும்போது கிணற்றில் தண்ணீர் மட்டம் தரையிலிருந்து 15 மீட்டர் கீழே என்றால் மொத்தம் 50 மீட்டர்.

ஆக உங்களுக்கு வேண்டியது 50 மீட்டர் ஹெட்டில் நிமிடத்துக்கு 200 லிட்டர் தரும் நீர்மூழ்கி மோட்டார். பம்பின் திறன் 50 சதவீதம் என்று வைத்தால் இது நாலரை ஹெச்.பி.க்கு அருகில் வரும். 5 ஹெச்.பி. சரியாகப் பொருந்தும். கடையில் "அஞ்சு ஹெச்.பி. கொடுங்க" என்று கேட்காதீர்கள். அஞ்சு ஹெச்.பி.யிலேயே அதிகத் தண்ணீரைக் குறைந்த உயரத்துக்குத் தள்ளுவதும் உண்டு, குறைந்த தண்ணீரை அதிக உயரத்துக்குத் தள்ளுவதும் உண்டு. "50 மீட்டரில் 200 லிட்டர்" என்று சொல்லி, பம்பின் பெயர்ப் பலகையிலும் வரைபடத்திலும் அந்தப் புள்ளியைக் காட்டச் சொல்லுங்கள்.

குழாய் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. நிமிடத்துக்கு 400 லிட்டரை 63 குழாயில் விட்டால் 100 மீட்டருக்குச் சுமார் 11 மீட்டர் ஹெட் உரசலில் போய்விடும். அதே தண்ணீர் 75 குழாயில் போனால் இழப்பு 5 மீட்டருக்குக் கீழே. விட்டம் 12 மில்லிமீட்டர் கூடியதற்கு இழப்பு பாதிக்கும் கீழாகிறது. குழாயில் மிச்சம் பிடித்த காசை ஒவ்வொரு நாளும் மோட்டார் கட்டுகிறது. கொல்லை மெயினுக்காவது பெரிய குழாய் போடுங்கள்.

குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் அழுத்த அளவையும் பாருங்கள். ஸ்பிரிங்ளருக்கான ஹெச்.டி.பி.ஈ. குழாய்க்கு ஐ.எஸ். 14151 என்ற தரம் இருக்கிறது, கூடவே அது தாங்கும் அழுத்தமும் போட்டிருக்கும். நம் கணக்கில் தரைமட்டத்தில் டெலிவரி வாயிலேயே 3.5 கிலோ வருகிறது. அங்கே இரண்டரை கிலோ குழாயைப் போட்டால் வெயிலில் சூடேறிய ஒரு மத்தியானம் கிளாம்பு விட்டுவிடும். மெயினுக்கு 4 கிலோவுக்குக் குறையாமல் வாங்குங்கள். லேட்டரல் வால்வுகளை எல்லாம் மூடிவிட்டு மோட்டாரை ஓடவிடுகிற பழக்கமும் வேண்டாம். அப்போது பம்பின் முழு அழுத்தமும் மெயின் குழாயில் ஏறி நிற்கும்.

இருக்கிற மோட்டாரை டிரம்மை வைத்துச் சோதிப்பது

பலருக்கும் மோட்டார் ஏற்கெனவே இருக்கும். எந்த நிறுவனம், எந்த வருடம், எத்தனை ஸ்டேஜ் எதுவும் தெரியாது, பெயர்ப் பலகை துருப்பிடித்திருக்கும். இதற்கு ஒரு 200 லிட்டர் டிரம், ஒரு கேட் வால்வு, ஒரு பிரஷர் கேஜ் போதும்.

டெலிவரிக் குழாயில் மெயினைக் கழற்றிவிட்டு முதலில் கேஜ், அதற்கு அப்புறம் கேட் வால்வு வரும்படி மாட்டுங்கள். வால்வு திறந்தபடி மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். கிணற்று மட்டம் இறங்கி ஓர் இடத்தில் நிற்க வேண்டும். போட்ட உடனே அளந்தால் நிறைகிணற்றின் அளவுதான் கிடைக்கும், சித்திரையில் ஏமாந்துவிடுவீர்கள். மட்டம் நின்ற பிறகு வால்வை மெல்லத் திருகி மூடிக்கொண்டே வாருங்கள். கேஜ் 3.5 கிலோ காட்டும் இடத்தில் நிறுத்துங்கள். இப்போது வால்வுக்கு அப்பால் வரும் தண்ணீரை டிரம்மில் பிடித்து, நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று செல்போனில் பாருங்கள்.

60 வினாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 200 லிட்டர், பத்துத் தலை தாராளமாக ஓடும். 75 வினாடி ஆனால் 160 லிட்டர், எட்டுத் தலை. 100 வினாடி ஆனால் ஆறு தலைதான். இதில் வாதாட ஒன்றுமில்லை. வால்வை முழுக்கத் திறந்து வைத்து டிரம் 40 வினாடியில் நிறைவதைக் காட்டி "பாருங்க, எவ்வளவு தண்ணி!" என்பவர்கள் உண்டு. அந்தத் தண்ணீரில் அழுத்தம் இல்லை. வாய்க்காலுக்குப் போதும், ஸ்பிரிங்ளருக்கு உதவாது.

கேஜ் வாங்கும்போது கிளிசரின் நிரப்பியதை வாங்குங்கள், முள் நடுங்காது. 3.5 கிலோ பார்க்க 0 முதல் 7 கிலோ வரை அளக்கும் கேஜ் சரி. 25 கிலோ கேஜில் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே உங்களால் ஒன்றும் படிக்க முடியாது.

கடைசித் தலையில் அளப்பது

மாட்டி முடித்த பிறகு மெயினில் கேஜ் பார்த்துத் திருப்திப்படாமல் கடைசித் தலை வரை போய் அளந்தே ஆக வேண்டும். வளைந்த சின்னக் குழாய் பொருத்திய கேஜ் கிடைக்கிறது, பிட்டாட் கேஜ் என்று கேளுங்கள். அதன் முனையை நாசில் வாயிலிருந்து ஒரு 3 மில்லிமீட்டர் தள்ளி, பீய்ச்சும் தண்ணீரின் நடுவில் பிடிக்க வேண்டும். முனையை அப்படி இப்படி ஆட்டினால் முள் ஏறி இறங்கும். உச்சமாகக் காட்டும் எண்தான் சரியானது. நனையாமல் இதைச் செய்ய முடியாது, மாற்று லுங்கி எடுத்துப் போங்கள்.

ஒரே லேட்டரலில் முதல் தலைக்கும் கடைசித் தலைக்கும் அழுத்த வித்தியாசம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வர்க்கமூலக் கணக்குப்படி அப்போதுதான் தண்ணீர் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் நிற்கும். நான் மேலே சொன்ன கொல்லையில் 1.5-க்கும் 1.1-க்கும் இடையில் அதற்கு மேலேயே இருந்தது.

கேஜ் இல்லாதவர்கள் துளியைப் பார்த்தே ஓரளவு சொல்லலாம். அழுத்தம் குறைந்தால் துளி பெரிதாக, வளையமாக விழும். பிஞ்சுச் செடியைச் சாய்க்கும், மண் மேல் ஓடு கட்டும். அழுத்தம் மிகுந்தால் தண்ணீர் புகை மாதிரி ஆகிக் காற்றோடு பக்கத்துக் கொல்லைக்குப் போகும், வீச்சும் குறையும். இரண்டுக்கும் நடுவில் பெரும் துளி தூரத்திலும் சிறு துளி அருகிலும் கலந்து விழுகிற நிலைதான் நமக்கு வேண்டும்.

நம்பிக்கை வரவில்லை என்றால் டப்பா வையுங்கள். நான்கு தலைகளுக்கு நடுவே உள்ள 12-க்கு 12 மீட்டர் சதுரத்தில் மூன்று மீட்டருக்கு ஒன்றாக, ஒரே அளவுள்ள 16 தயிர் டப்பாக்கள். காற்றில்லாத காலையில் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு ஒவ்வொன்றிலும் எத்தனை மில்லி என்று அளந்து எழுதுங்கள். சராசரி எடுத்து, ஒவ்வொரு டப்பாவும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, கூடுதலா குறைவா என்று பார்க்காமல் அந்த விலகல்களைக் கூட்டுங்கள். மொத்தத் தண்ணீர் 400 மில்லி, விலகல் மொத்தம் 60 என்றால் விலகல் 15 சதவீதம், சீர்மை 85. கலிஃபோர்னியாவில் கிறிஸ்டியன்சன் 1942-இல் கொடுத்த கணக்கு இது, இன்றும் அதைத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். 85-க்கு அருகில் வந்தால் நிம்மதியாக இருக்கலாம். 70 என்றால் அழுத்தத்தையோ இடைவெளியையோ திருத்த வேண்டும்.

போளூர்க் கொல்லையில் செலவே இல்லாமல் முடிந்தது. 18 தலையைப் பத்தாகக் குறைத்து, மீதியை எண்ட் கேப் போட்டு அடைத்தோம். கடைசித் தலையில் 2.4 கிலோ வந்தது, கை தாளம் தப்பாமல் அடித்தது. ஒரு போடு கூடுதலாக மாற்ற வேண்டியிருக்கிறது என்று முதலில் சங்கடப்பட்டார். அடுத்த பத்து நாளில் வளையம் மறைந்து செடி ஒன்றுபோல் ஆனதும் போன் செய்து சொன்னார்.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரெயின் கன் என்ற பெரிய பீரங்கி ஸ்பிரிங்ளர் என்றால் 3 கிலோவுக்குக் குறைந்து யோசிக்கவே வேண்டாம், பெரியது 5, 6 கேட்கும். வீட்டுப் புல்வெளியில் தரையிலிருந்து எழும் சிறிய ஸ்ப்ரே தலைக்கு 2 பார், சுழலும் வகைக்கு 3 பார். சொட்டு நீருக்கு ஒரு கிலோ போதும். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு நுண்ணீர்ப் பாசனத்துக்கு 100 சதவீத மானியமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் உண்டு. மானியத்தில் போடும்போதும் மேலே சொன்ன டிரம் சோதனையை நீங்களே ஒருமுறை செய்துகொள்ளுங்கள். வடிவமைப்பவர் உங்கள் கிணற்றின் கோடைகால மட்டத்தைப் பார்த்திருக்க மாட்டார்.

கட்டடத்துக்கு வருவோம்

தீயணைப்பு ஸ்பிரிங்ளரை நீங்களே வடிவமைக்கக் கூடாது. தகுதி உள்ள பொறியாளர் கணக்குப் போட வேண்டும், தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் அனுமதி வேண்டும். இந்தியாவில் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, ஐ.எஸ். 15105 ஆகியவற்றின்படி வேலை நடக்கும். ஆனால் கட்டட மேலாளராகவோ, புதிதாக வேலைக்குச் சேர்ந்த டெக்னீஷியனாகவோ இருந்தால் அந்தக் கணக்கைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். உயிர் சம்பந்தப்பட்டது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிடுவோம். தீ பிடித்தால் எல்லாத் தலைகளும் ஒன்றாகக் கொட்டாது. ஒவ்வொரு தலையிலும் ஒரு கண்ணாடி பல்பு. சிவப்புத் திரவம் என்றால் 68 டிகிரி செல்சியஸில் உடையும், மஞ்சள் 79, பச்சை 93. சூடு எட்டிய தலை மட்டும் திறக்கும். அப்படியானால் எத்தனை தலைக்குக் கணக்குப் போடுவது? அதற்குத்தான் 'வடிவமைப்புப் பரப்பு' என்று ஒன்று. பம்பிலிருந்து தண்ணீர் போக மிகவும் கஷ்டமான மூலையில், அந்தப் பரப்புக்குள் உள்ள தலைகள் எல்லாம் ஒன்றாகத் திறந்ததாக வைத்துக் கணக்கிடுவார்கள்.

அமெரிக்கத் தரமான என்.எஃப்.பி.ஏ. 13-இன் அளவுகளில் ஓர் உதாரணம் பார்ப்போம், உலகம் முழுக்கப் பொறியாளர்கள் இதைப் பேசுகிறார்கள். லாண்டரி, ஹோட்டல் சமையல் பகுதி போன்ற நடுத்தர ஆபத்துள்ள இடத்துக்கு நிமிடத்துக்கு 6.1 மில்லிமீட்டர் தண்ணீர், 139 சதுர மீட்டர் பரப்பில். கொல்லையில் மணிக்கு 8 மில்லிமீட்டர் கொடுத்தோம். இங்கே ஒன்றரை நிமிடத்துக்குள் அதைக் கொட்டிவிட வேண்டும்.

ஒரு தலை 12 சதுர மீட்டரைப் பார்த்துக்கொண்டால் அதற்கு நிமிடத்துக்கு 73 லிட்டர் வேண்டும். கே 80 தலையில் அதற்கு எவ்வளவு அழுத்தம்? 73-ஐ 80-ஆல் வகுத்து, வருவதை அதாலேயே பெருக்குங்கள். 0.83 பார். கணக்கில் 0.5-க்குக் கீழே வந்தாலும் 0.5 பார் குறைந்தபட்சம். 139 சதுர மீட்டரில் இப்படி 12 தலைகள். பம்புக்கு அருகில் உள்ள தலைகளில் அழுத்தம் கூடுதலாக இருப்பதால் கொஞ்சம் அதிகமாகவே கொட்டும், ஆக மொத்தம் நிமிடத்துக்கு ஆயிரம் லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரத்துக்கு 60,000 லிட்டர், ஹைட்ரண்ட் (தீயணைப்பு ஹோஸ் மாட்டும் குழாய்வாய்) தண்ணீர் இதில் சேரவில்லை. தரைக்கடித் தொட்டி ஏன் அவ்வளவு பெரிது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

அழுத்தத்தைப் பின்னோக்கிக் கூட்டுவது கொல்லையைப் போலவேதான். தலையில் 0.83, பம்பிலிருந்து 14 மீட்டர் உயரத் தளம் என்றால் 1.4, குழாயிலும் வால்வுகளிலும் ஒரு 1.5 அல்லது 2 பார். நான்கைச் சுற்றி வரும். பிறகு ஏன் பம்பு அறையில் ஏழு பார் ஓடுகிறது? பெரும்பாலான கட்டடங்களில் அதே பம்பு ஹைட்ரண்டுக்கும் போகிறது. தூரத்து ஹைட்ரண்டில் 3.5 கிலோ இருக்க வேண்டும் என்பது நம் விதி. பெரிய பங்கு அதற்குத்தான்.

மாடித் தொட்டியிலிருந்து நேராகக் குழாய் இறக்கி மேல் தளத்துக்கு ஸ்பிரிங்ளர் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். தொட்டிக்கும் கூரைத் தலைக்கும் நடுவில் 3 மீட்டர்தான் இருக்கும். 0.3 பார். பல்பு உடையும், தண்ணீரும் வரும், ஆனால் அது குடை மாதிரி விரியாது. மொட்டை மாடியில் தொட்டிக்குப் பக்கத்தில் தனியாக ஒரு தீயணைப்புப் பம்பு வைப்பது இதனால்தான். உயரமான கட்டடத்தில் பிரச்சினை தலைகீழ். கீழ்த் தளங்களில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். சாதாரணத் தலைகளும் இணைப்புகளும் 12 பார் அளவுக்குச் செய்தவை. அதைத் தாண்டும் இடத்தில் அழுத்தம் குறைக்கும் வால்வு வைக்க வேண்டும், அல்லது கட்டடத்தை மண்டலங்களாகப் பிரிக்க வேண்டும்.

அப்புறம், தீயணைப்புக் குழாயிலிருந்து தோட்டத்துக்குத் தண்ணீர் எடுக்கக் கூடாது. எத்தனையோ இடங்களில் இதைப் பார்த்து மனம் பதைத்திருக்கிறேன். குழாயில் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பது சின்ன ஜாக்கி பம்பு. சிறு கசிவுக்கு அது ஓடி நிற்கும். அதையும் மீறி அழுத்தம் இறங்கினால் பெரிய பம்பு தானாகக் கிளம்பும், அதைக் கையால் நிறுத்துவதுதான் வழக்கம். தோட்டத்துக்காகத் தினமும் இப்படிக் கிளம்பினால் எரிச்சலில் யாரோ ஒருவர் பம்பை 'மேனுவல்' நிலைக்குத் திருப்பிவிடுவார். தீ வரும் நாளில் அது அந்த நிலையிலேயே இருக்கும்.

அழுத்தம் சரியாக இருந்தும் வீணாகும் இடங்கள் உண்டு. குடோனில் கூரைத் தலைக்குக் கீழே ஒன்றரை அடி காலியாக இருக்க வேண்டும். பெட்டியை அதற்கு மேல் அடுக்கினால் தண்ணீர் விரிய இடமில்லை. வெள்ளையடிக்கும்போது தலையிலும் பெயிண்ட் பட்டுவிட்டால் துடைத்து வைக்காதீர்கள், அந்தத் தலையையே மாற்றுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை

பம்பைச் சோதிக்கும்போது வெறுமனே ஓட்டி நிறுத்துவது சோதனை ஆகாது. தண்ணீரை ஓடவிட்டு அளக்க வேண்டும். நல்ல தீயணைப்புப் பம்பு, அதற்குக் குறித்த அளவைப் போல ஒன்றரை மடங்கு தண்ணீர் தள்ளும்போதும், குறித்த அழுத்தத்தில் 65 சதவீதமாவது தர வேண்டும். நம் ஊரில் பரவலாக இருக்கும் 2,280 லிட்டர், 70 மீட்டர் பம்பு என்றால், நிமிடத்துக்கு 3,420 லிட்டர் ஓடும்போது கேஜ் நாலரை கிலோவுக்குக் கீழே போகக் கூடாது.

அது முடிந்ததும் ஸ்பிரிங்ளருக்கு மேலேறும் குழாயான ரைசரின் மெயின் டிரெய்ன், அதாவது தண்ணீரை வெளியே விடும் வால்வுக்குப் போங்கள். திறப்பதற்கு முன் கேஜ் எண்ணைக் குறியுங்கள். முழுக்கத் திறந்து முள் நிலைத்ததும் மறுபடி குறியுங்கள். இரண்டையும் தேதியோடு பம்பு அறைக் கதவின் உட்பக்கம் பெயிண்டில் எழுதி வையுங்கள், நோட்டுப் புத்தகம் தொலைந்துவிடும். போன வருடம் ஓடும்போது 6.2 காட்டியது இந்த வருடம் 5.4 என்றால், இறக்கம் பத்து சதவீதத்தைத் தாண்டிவிட்டது. வழியில் எங்கோ ஒரு வால்வு பாதி மூடியிருக்கிறது, அல்லது குழாயில் ஏதோ அடைத்திருக்கிறது. அன்றைக்கே ஒவ்வொரு வால்வாகக் கையால் திருகிப் பார்த்துக்கொண்டு போங்கள்.